எல்லைப்புற ஊர்களில் பாலர் வகுப்புக் குழந்தைகள்: அழுகை, அடம், கடி, சண்டை, பேச்சு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே இருக்கும் ஊர்களில், வீட்டில் தமிழ் பேசி, அங்கன்வாடியிலோ நர்சரியிலோ மலையாளம் கேட்டு வளரும் 3 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்காக எழுதியது இது. பெற்றோர், பாட்டி தாத்தா, டீச்சர், ஹெல்பர் என்று எல்லோருடைய கேள்விகளும் கலந்தே வருகின்றன. காத்திருப்பது, கோபத்தைக் கையில் காட்டாமல் வாயால் சொல்வது, அழுகையிலிருந்து மீண்டு வருவது எல்லாமே நடக்கப் பழகுவதுபோல் பழகிக்கொள்ள வேண்டியவை. அது நடக்கும் அந்த நேரத்தில், குழந்தைக்குப் புரிகிற மொழியில் பழக்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

எந்த வயதில் எதை எதிர்பார்க்கலாம்?

மூன்று வயதில் இரண்டு குழந்தைகள் ஒரே மணல்மேட்டில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடும். ஒன்று வண்டி ஓட்டும், மற்றொன்று இட்லி சுடும். இதைப் பார்த்து “சேர்ந்து விளையாடத் தெரியல” என்று கவலைப்பட வேண்டாம். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932இலேயே இதை ஒரு படிநிலையாக எழுதி வைத்தார். தனியாக விளையாடுவது, வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து விளையாடுவது, பொருளை மாற்றிக்கொள்வது, கடைசியில் சேர்ந்து திட்டமிட்டு விளையாடுவது என்பது அவர் கண்ட வரிசை.

நான்கு வயதில் “நீ டாக்டர், நான் பாப்பா” என்று வேடம் பிரித்துக்கொள்ளும். ஐந்தில் சின்ன விதிகள் உள்ள விளையாட்டு வரும். தோற்றால் அழுகையும் வரும். மூன்று வயதுக் குழந்தை இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்தாலே பெரிது. ஆறு மாதம் முன்னே பின்னே இருப்பது இயல்பு.

ஜூனில் சேர்த்தோம். தினமும் வாசலில் கதறுகிறாள். என்ன செய்வது?

அதிகம் வரும் கேள்வி இதுதான். நிறைய தவறாகக் கையாளப்படுவதும் இதுதான்.

சேர்ப்பதற்கு ஒரு வாரம் முன்பே, மற்ற குழந்தைகள் விளையாடும் நேரமாகப் பார்த்து அழைத்துப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். முதல் மூன்று நாள் அம்மாவோ பாட்டியோ அறையின் ஒரு ஓரத்தில் இருக்கட்டும், ஒரு மணி நேரம் போதும். இருப்பவர் கூட விளையாட வேண்டாம், போனையும் பார்க்க வேண்டாம். குழந்தை திரும்பிப் பார்க்கும்போது அங்கே ஒரு முகம் இருந்தால் போதும். நான்காம் நாள் சொல்லிக்கொண்டு வெளியே போய், கால் மணி நேரத்தில் திரும்பி வாருங்கள். போனால் வருவாள் என்பதைக் குழந்தை கண்ணால் பார்க்க வேண்டும். அடுத்து கஞ்சி நேரம் வரை, அதன்பின் தூங்கி எழும் வரை என்று நீட்டுங்கள். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும், சிலருக்கு ஒரு மாதம் ஆகும். காய்ச்சல் வந்து ஒரு வாரம் வீட்டில் இருந்தாலோ, ஓண விடுமுறை முடிந்தாலோ இரண்டு மூன்று நாள் மறுபடி அழுவார்கள். அதைப் பின்னடைவாக நினைக்க வேண்டாம்.

விடைபெறுவது சுருக்கமாக, தினமும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒரு முத்தம், ஒரு வாக்கியம்: “கஞ்சி குடிச்சு, தூங்கி எந்திரிச்சா அம்மா வந்துருவேன், சாமி.” மூன்றரை மணி என்றால் குழந்தைக்கு ஒன்றும் புரியாது. கஞ்சியும் தூக்கமும் புரியும். சொன்னபடி வந்துவிடுங்கள், வர முடியாத நாளில் யார் வருவார்கள் என்பதைக் காலையிலேயே பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.

கண் மறைவாக நழுவிவிடலாமா? அப்போது அழுகை குறைகிறதே.

வேண்டாம். அந்த ஐந்து நிமிடம் அமைதியாக இருக்கும்; அதன்பின் நாள் முழுதும் குழந்தையின் கண் வாசலிலேயே இருக்கும். அம்மா எந்த நொடியிலும் காணாமல் போவாள் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. வீட்டிலும் குளியலறைக்குப் போனால்கூடப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். விடைபெற்றுக் கிளம்பிய பிறகு அழுகைச் சத்தம் கேட்டுத் திரும்பி வருவதும் இதே கெடுதலைச் செய்யும்.

தென்னந்தோப்புக்கோ செங்கல் சூளைக்கோ கஞ்சிக்கோடு கம்பெனிக்கோ விடியும் முன் கிளம்பும் அம்மாக்கள், முந்தின இரவே படுக்கையில் சொல்லிவிடலாம்: “நீ எந்திரிக்கும்போது அம்மா வேலைக்குப் போயிருப்பேன். அம்மிச்சிதான் கூட்டிட்டுப் போவாங்க.” கொண்டுவந்து விடுபவர் முதல் மாதமாவது ஒரே ஆளாக இருப்பது நல்லது.

அந்த அழுகையின்போது டீச்சர் செய்ய வேண்டியது?

தினமும் ஒரே ஆள் வாசலில் வாங்கிக்கொள்ள வேண்டும். குனிந்து, குழந்தையின் கண் மட்டத்துக்கு வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். “அழாதே” என்பதைவிட “அம்மா போனது அழுகையா வருது. நான் இங்கயே இருக்கேன்” என்பது வேலை செய்யும். மடியில் வைத்துக்கொள்ளுங்கள், கேள்வி கேட்காதீர்கள். மூச்சு சீரானதும் கைக்கு ஒரு வேலை கொடுங்கள்: தட்டு எண்ணி வைக்கட்டும், செடிக்கு ஒரு குவளை தண்ணீர் ஊற்றட்டும். பையில் அம்மாவின் பழைய சேலைத் துண்டு ஒன்று இருந்தால் தூங்கும் நேரத்தில் உதவும். “பழக்கம் கெட்டுப்போகும்” என்று அதைப் பிடுங்காதீர்கள். சில வாரங்களில் குழந்தையே மறந்துவிடும்.

வீட்டில் தமிழ், அங்கே மலையாளம். குழப்பம் வராதா? வீட்டிலும் மலையாளம் பேசிவிடட்டுமா?

வேண்டாம். இரண்டு மொழி கேட்பதால் குழந்தையின் வளர்ச்சி தடைபடாது. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலப்பதும் இயல்பான ஒரு கட்டம்தான், குழப்பத்தின் அறிகுறி இல்லை. வீட்டிலுள்ளவர்கள் தங்களுக்குச் சரளமில்லாத மொழியில் பேசத் தொடங்கினால் பேச்சு “வா, போ, சாப்பிடு” என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். கோபம், ஏக்கம், பொறாமை, வெட்கம், ஏமாற்றம் போன்ற சொற்களைக் குழந்தை கதையிலும் வம்பிலும் தாலாட்டிலும்தான் பிடித்துக்கொள்கிறது. வீட்டு மொழியில் அந்தச் சொற்கள் வேரூன்றியிருந்தால் மலையாளச் சொல்லை அதன்மேல் ஒட்டிக்கொள்வது சுலபம்.

வகுப்பில் மலையாளம் நடக்கட்டும். ஆறுதல் மட்டும் குழந்தையின் மொழியில் வர வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அழும் குழந்தையால் புது மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ள முடியாது. தமிழ் தெரியாத டீச்சர் முதல் வாரத்திலேயே எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டிய வாக்கியங்கள் ஒரு கைவிரல் எண்ணிக்கைக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்: “அம்மா வருவாங்க”, “நான் இருக்கேன்”, “எங்க வலிக்குது?”, “பசிக்குதா?”, “தண்ணி வேணுமா?”, “பயமா இருக்கா?”, “கோபமா?”, “ஒண்ணுக்கு வருதா?” கடைசி வாக்கியத்தை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சொல்லத் தெரியாமல் நனைத்துக்கொண்ட குழந்தை வெட்கத்தில் மறுநாள் வர மறுக்கும். காரணம் யாருக்கும் தெரியாது. சுண்டுவிரலைக் காட்டினால் ஒண்ணுக்கு என்று முதல் நாளே எல்லோருக்கும் பழக்குங்கள். மாற்று உடை ஒன்று பையில் இருக்கட்டும். மழைக்காலத்தில் இரண்டு.

வீட்டாரிடம் சொல்லும்போதும் கவனம் தேவை. “மோளுக்கு நல்ல விஷமம்” என்று டீச்சர் சொன்னால் குழந்தை வருத்தமாக இருக்கிறாள் என்று பொருள். தமிழ்ப் பாட்டி அதைக் குறும்பு என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் இரண்டு வைப்பார். “இன்னிக்கு அழுதா, சரியாச் சாப்பிடல” என்று நடந்ததை நடந்தபடி சொல்வதே பாதுகாப்பு.

மூன்று மாதமாக அங்கே வாயே திறக்கவில்லை. வீட்டில் வாயாடி.

இரண்டு வகையாக இருக்கலாம். அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

புது மொழிக்குள் நுழையும் குழந்தைகள் பலர் சில வாரமோ சில மாதமோ கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இவர்கள் சைகை காட்டுவார்கள், சிரிப்பார்கள், விளையாட்டில் சேருவார்கள், பாட்டுக்குக் கை தட்டுவார்கள். பக்கத்தில் தமிழ்க் குழந்தை உட்கார்ந்தால் காதோடு தமிழில் பேசுவார்கள். இவர்களைப் பேசச்சொல்லி வற்புறுத்தாமல், தலையாட்டிப் பதில் சொல்லும் கேள்வியாகக் கேளுங்கள். “பழம் வேணுமா, பால் வேணுமா?” என்று இரண்டையும் கையில் காட்டிக் கேளுங்கள். தமிழ் பேசும் தோழி ஒருத்தியோடு ஜோடி சேர்த்துவிடுங்கள். பாட்டு மொத்தமாகப் பாடப்படுவதால் அதில்தான் முதல் மலையாளச் சொல் பெரும்பாலும் வெளிவரும்.

இன்னொரு வகை, அங்கே தமிழில்கூடப் பேசாத குழந்தை. உடம்பு விறைத்துப் போகும், முகம் உறையும், வலித்தாலும் சொல்லாது. பள்ளியின் முதல் மாதத்தைக் கழித்துவிட்டு அதன்பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே இருந்தால், இது பதற்றத்தால் வரும் பேச்சு மறுப்பாக இருக்கலாம். பிடிவாதம் என்று நினைத்து மிரட்டினால் முற்றும். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடிக்கிறான். தினமும் ஒரு புகார்.

மூன்று வயதுக்குக் கீழே கடி சகஜம். மூன்றரை தாண்டியும் அடிக்கடி நடந்தால் காரணம் தேட வேண்டும். கடிக்கும் குழந்தையிடம் பெரும்பாலும் சொல் இருக்காது: “என்னோடது”, “தள்ளிப் போ”, “எனக்கும் வேணும்” என்ற மூன்றில் ஒன்றைப் பல்லால் சொல்கிறது. கூட்டம், பசி, தூக்கக் கலக்கம் மூன்றும் சேர்ந்தால் அதிகமாகும். ஜூன், ஜூலையில் மழையும் கணவாய்க் காற்றும் சேர்ந்து எல்லோரையும் அறைக்குள் அடைக்கும் வாரங்களில் புகார் கூடுவதற்கும் இதுவே காரணம்.

நடந்த நொடியில் முதலில் கடிபட்ட குழந்தையிடம் போங்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவி, ஈரத்துணியைக் குளிர்ச்சியாக வைத்து அழுத்துங்கள். தோல் கிழிந்திருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும், தடுப்பூசி அட்டையையும் கையில் எடுத்துப் போங்கள். பிறகு கடித்தவனிடம் குனிந்து, குரல் உயர்த்தாமல் சொல்லுங்கள்: “கடிச்சா வலிக்கும். கடிக்கறதுக்கு விடமாட்டேன்.” அதற்குமேல் பிரசங்கம் வேண்டாம். அடுத்து அவனுக்கு இல்லாத சொல்லைக் கொடுங்கள்: “வண்டி வேணும்னா, ‘எனக்கும் தா’ன்னு சொல்லு. கையை நீட்டு.” உங்களோடு சேர்ந்து ஒரு முறை சொல்லிப் பார்க்கட்டும்.

திருப்பிக் கடித்துக் காட்டுவது, வாயில் மிளகாய் தடவுவது, எல்லோர் முன்னாலும் “கடிநாய்” என்று பட்டப்பெயர் வைப்பது மூன்றும் கொடுமை, பலனும் இல்லை. கடித்தது யார் என்பதைக் கடிபட்ட குழந்தையின் வீட்டாரிடம் சொல்லாதீர்கள். எங்கே, எப்படி நடந்தது, என்ன செய்தோம் என்பதை மட்டும் சொல்லுங்கள். சின்ன ஊரில் பெயர் வெளியே வந்தால் அந்தச் சண்டை தெருவுக்குப் போய்விடும்.

ஒரு பொம்மைக்கு நான்கு பேர் அடித்துக்கொள்கிறார்கள். பகிர்ந்துகொள்ளச் சொல்லிப் பழக்குவது எப்படி?

மூன்று வயதுக்காரர்களுக்கு ஒரே மாதிரிப் பொருள் இரண்டு மூன்று இருக்கட்டும். சிரட்டை, காலி டப்பா, துணிப்பந்து என்று செலவில்லாமல் சேர்க்கலாம். இந்த வயதில் “விட்டுக்கொடு” என்று கையிலிருந்து பிடுங்கி இன்னொருவனிடம் கொடுப்பதால், வலுத்தவன் பிடுங்கலாம் என்பதைத்தான் குழந்தை கற்கிறது.

நான்கு வயதுக்குமேல் இதற்கு நேர்மாறாகச் செய்யலாம். மரியா மாண்டிசோரி முறை வகுப்புகளில் ஒவ்வொரு கருவியும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஒருவர் முடித்து அலமாரியில் திரும்ப வைக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். (அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவர்; போர்க்காலத்தில் நம் மலைக்கு அந்தப் பக்கம் கொடைக்கானலில் தங்கிக் குழந்தைகளோடு வேலை செய்தார்.) பகிர்வு என்பதை “அவன் முடிச்சதும் உன் முறை” என்று மாற்றிவிட்டால் பாதிச் சண்டை போய்விடும். முறை எப்போது வரும் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஊஞ்சல் என்றால் இருபது ஆட்டம் எல்லோரும் சேர்ந்து எண்ணலாம். சைக்கிள் என்றால் வேப்பமரத்தை மூன்று சுற்று. காத்திருப்பவனுக்கும் எண்ணும் வேலை இருப்பதால் கை சும்மா இருக்காது.

சண்டை வந்தால் பொருளை உங்கள் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் பேசவிடுங்கள். “அவளுக்குச் சமைக்கப் பாத்திரம் வேணும், உனக்குத் தண்ணி கொண்டுவரப் பாத்திரம் வேணும். என்ன செய்யலாம்?” ஐந்து வயதுக்காரர்கள் பெரியவர் யோசிக்காத வழியைச் சொல்வார்கள். மூன்று வயதுக்காரர்களுக்கு இரண்டு வழியை நீங்களே சொல்லித் தேர்ந்தெடுக்க விடுங்கள்.

அடித்தவனை “ஸாரி” சொல்லவைக்கலாமா?

கட்டாயப்படுத்திச் சொல்லவைத்தால், அடித்துவிட்டு ஸாரி சொன்னால் கணக்கு முடிந்தது என்று எடுத்துக்கொள்வான். செயலால் சரிசெய்யச் சொல்லுங்கள்: ஈரத்துணி கொண்டுவரட்டும், இடித்துத் தள்ளிய கட்டைகளை அடுக்கித் தரட்டும். வருத்தம் வந்தபின் சொல் தானாக வரும்.

தரையில் உருண்டு அடம் பிடிக்கும்போது?

கோபத்தைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருப்பது. நான்கு வயதில் அது தொடக்க நிலையில்தான் இருக்கிறது. உச்சத்தில் இருக்கும் குழந்தைக்கு உபதேசம் காதில் ஏறாது.

கல், கதவு, படி போன்றவற்றிலிருந்து நகர்த்துங்கள். மற்ற குழந்தைகளை ஹெல்பர் வேறு பக்கம் அழைத்துப் போகட்டும். பார்வையாளர் கூடினால் அடம் நீளும். பக்கத்தில் உட்காருங்கள், தொட்டால் பிடிக்காத குழந்தையைத் தொடாதீர்கள். ஒரு வாக்கியம் போதும்: “ரொம்பக் கோபம். நான் பக்கத்துல இருக்கேன்.” அழுகையின் சுருதி இறங்கி விம்மலாக மாறும் நேரத்தில் தண்ணீர் கொடுங்கள், முகம் துடையுங்கள். எதற்காக அடம் பிடித்தானோ அதை இப்போது கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த முறை இதைவிடச் சத்தமாக வரும். முடியாது என்று சொல்லியாயிற்றென்றால் முடியாதுதான், ஆனால் கோபமில்லாமல்.

மூச்சுப் பயிற்சியை அமைதியான நேரத்தில் பழக்க வேண்டும். கையைக் கிண்ணம்போல் குவித்து, அதில் சூடான கஞ்சி இருப்பதாக வைத்துக்கொண்டு, மூக்கால் மோந்து வாயால் மெதுவாக ஊத வேண்டும்; மூன்று முறை. தினமும் கஞ்சிக்கு முன்னால் எல்லோரும் செய்தால் இரண்டு வாரத்தில் கை பழகிவிடும். அதன்பின் கோபம் ஏறும்போது நீங்கள் கையைக் குவித்துக் காட்டினாலே போதும். கோபம் வந்த நேரத்தில் முதன்முதலாகச் சொல்லிக்கொடுக்க முயல்வதால்தான் “இதெல்லாம் வேலைக்காகாது” என்ற முடிவுக்குப் பலர் வருகிறார்கள்.

அமைதி மூலை வைக்கச் சொல்கிறார்கள். என்னென்ன வேண்டும்?

நான்கடிக்கு நான்கடி இடம், ஒரு பாய், இரண்டு தலையணை, பாதி மறைக்கும் பழைய சேலை ஒன்று. டீச்சரின் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். உள்ளே துணிப்பொம்மை ஒன்று, கோபம், அழுகை, பயம், சிரிப்பு என்ற நான்கு முகங்களைப் பெரிதாக வரைந்த அட்டை, மூடி இறுக்கி ஒட்டிய பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரும் மினுமினுப்புத் தூளும். குலுக்கிவிட்டு அடியில் படியும்வரை பார்க்கலாம். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒருவர், கூப்பிட்டால் டீச்சரும் வருவார். “போய் மூலைல உக்காரு” என்று தண்டனையாக ஒருமுறை அனுப்பிவிட்டீர்கள் என்றால் அந்த இடம் செத்துவிடும், அதன்பின் யாரும் தானாகப் போக மாட்டார்கள்.

பூச்சாண்டி, போலீஸ், ஊசி என்று பயம் காட்டினால்தான் கேட்கிறான்.

அந்த நேரத்துக்குக் கேட்பான். ஊசி போடும் நர்ஸ், வழி தவறினால் உதவ வேண்டிய போலீஸ் இருவரையும் கண்டு ஓடவும் கற்றுக்கொள்வான். “விட்டுட்டுப் போயிருவேன்” என்ற மிரட்டல் இவை எல்லாவற்றிலும் மோசமானது. அடி பற்றித் தனியாக ஒன்று: 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 75ஆம் பிரிவின்படி, குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் தாக்குவதும் வதைப்பதும் குற்றம். “நல்லா அடிங்க டீச்சர்” என்று அப்பா வாய்மொழியாக அனுமதி கொடுத்தாலும் அது செல்லாது.

வேலா திருவிழாவுக்குக் கூட்டிப்போனோம், வெடிச் சத்தத்துக்கு இரண்டு நாளாக நடுங்குகிறாள்.

நெம்மாற வல்லங்கி வேலா போன்ற கோயில் திருவிழாக்களின் வெடியும் செண்டை மேளமும் யானையும் பெரியவர்களுக்கே நெஞ்சை அதிர வைப்பவை. மூன்று நான்கு வயதில் கற்பனை வளர வளரப் பயமும் வளரும். பயத்தைக் கேலி செய்யாதீர்கள். பழகட்டும் என்று அருகில் இழுத்துக்கொண்டும் போகாதீர்கள். முந்தின நாளே சொல்லுங்கள்: “நாளைக்கு டமார்னு சத்தம் வரும். காதை இப்படிப் பொத்திக்கலாம். வேண்டாம்னா வீட்டுக்கு வந்துரலாம்.” தூரத்தில் ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து பார்க்கட்டும். அடுத்த வாரம் வகுப்பில் டப்பா தட்டி மேளம் விளையாட விடுங்கள். சத்தத்தைத் தன் கையால் எழுப்பி நிறுத்த முடிகிறது என்று தெரிந்தால் பயம் தணியும்.

“ஆம்பளப் புள்ள அழலாமா?”

அழலாம். அழுகையைத் தடுத்துவிட்டால் அது கைநீட்டலாக வெளிவரும். பெண் குழந்தையிடம் “கோபப்படாதே, அடக்கமா இரு” என்பதும் இதே தவறுதான்.

நான்கு வயதில் பொய் சொல்கிறான்.

அதில் ஒரு வளர்ச்சியும் இருக்கிறது. விம்மர், பெர்னர் என்ற இருவர் 1983இல் ஒரு சோதனை செய்தார்கள். கதையில் வரும் பையன் மிட்டாயை ஓரிடத்தில் வைத்துவிட்டுப் போகிறான். அவன் இல்லாதபோது அது வேறிடத்துக்கு மாறுகிறது. திரும்பி வந்து எங்கே தேடுவான்? மூன்று வயதுக்காரர்கள் பெரும்பாலும் புது இடத்தைக் காட்டுவார்கள். நான்கைந்து வயதில்தான், அவனுக்குத் தெரியாது, பழைய இடத்திலேயே தேடுவான் என்று சொல்வார்கள். மற்றவர் மனத்தில் வேறு எண்ணம் இருக்கலாம் என்று புரிந்ததும் பொய்யும் வரும், அடுத்தவர் வலியை ஊகிக்கும் திறனும் வரும். “பால் கொட்டிருக்கு, துடைக்கலாம் வா” என்று சொல்லுங்கள். “யார் கொட்டினது?” என்று தெரிந்துகொண்டே கேட்டுப் பொய்க்கு இடம் வைக்காதீர்கள்.

போன் கொடுத்தால்தான் சாப்பிடுகிறாள்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல் 3, 4 வயதுக்குச் சொல்வது: உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது, பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம், 180 நிமிடம் உடலசைவு. மனப்பழக்கத்துக்கு அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. அழும்போதெல்லாம் போன் கைக்கு வந்தால், தானாகத் தணியும் பழக்கம் வளரவே வாய்ப்பில்லை. முதலில் சாப்பாட்டு நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு நாள் குறைவாகச் சாப்பிடுவாள், மற்றபடி ஆரோக்கியமான குழந்தை பசி வந்ததும் சாப்பிடும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பெரும்பாலும் திரும்பாதது, முகம் பார்த்துச் சிரிக்காதது, வேண்டியதை விரலால் சுட்டாமல் உங்கள் கையைப் பிடித்து இழுத்தே காட்டுவது, மூன்று வயதாகியும் “சோறாக்கி” விளையாடாதது, கற்ற பேச்சோ பழக்கமோ மறைந்து போவது. கடைசியாகச் சொன்னதற்கு ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. அரை மணி நேரத்தைத் தாண்டும் அடம் அடிக்கடி வருவது, தன்னையே கடித்து இடித்துக்கொள்வது, நான்கு வயதில் பேச்சு வெளியாருக்குப் புரியாதது இவையும் காட்ட வேண்டியவை. “ரெண்டு பாஷை கேக்கறதால லேட்டா பேசுவான்” என்று தள்ளிப்போடாதீர்கள். உண்மையான தாமதம் தமிழிலும் தெரியும். முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற அரசின் குழந்தை நலப் பரிசோதனைத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. பிறப்பிலிருந்து 18 வயது வரை இலவசப் பரிசோதனை உண்டு, அங்கன்வாடிக் குழந்தைகளும் அதில் அடங்குவர். தேவைப்பட்டால் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பேச்சுப் பரிசோதனை நடக்கும்போது குழந்தையின் வீட்டு மொழி தமிழ் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மலையாளத்தில் மட்டும் சோதித்தால் முடிவு பிழையாகும்.

உடல் பாதுகாப்பை இந்த வயதில் எப்படிச் சொல்வது?

உறுப்புகளின் பெயரைக் குளிக்கும்போது இயல்பாகச் சொல்லுங்கள். உள்ளாடை மறைக்கும் இடத்தை, சுத்தம் செய்யும்போது அம்மா பாட்டி போன்றவர்களும், அம்மா கூட இருக்கும்போது டாக்டரும் தவிர யாரும் தொடக் கூடாது. யாராவது ரகசியம் என்று சொன்னால் அதை உடனே வந்து சொல்ல வேண்டும். மாமாவுக்கு முத்தம் கொடு என்று வற்புறுத்தாதீர்கள். வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் அங்கே தொடங்குகிறது. குழந்தை எதையாவது சொன்னால் குறுக்குக் கேள்வி கேட்காமல், “சொன்னது நல்லது, உன் தப்பு இல்ல” என்று சொல்லி அதே சொற்களை எழுதி வையுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரியவந்தவர் புகார் தெரிவிப்பது கடமை. வீட்டார் மறைக்கச் சொன்னாலும் டீச்சர் மறைக்கக் கூடாது.

நான் ஒரே டீச்சர், ஒரு ஹெல்பர், இருபத்தைந்து குழந்தைகள். எதிலிருந்து தொடங்குவது?

2013இன் தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை 3 முதல் 6 வயதுக்கு 20 பேருக்கு ஒரு பெரியவர் என்கிறது. ஹெல்பரையும் சேர்த்தால் நீங்கள் அந்தக் கணக்குக்குள் வருவீர்கள், ஆனாலும் உங்கள் சுமை உண்மையானதுதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் நாளின் வரிசையைப் படமாக வரைந்து குழந்தை கண் உயரத்தில் ஒட்டுங்கள்: வணக்கம், விளையாட்டு, வட்டம், கைகழுவல், கஞ்சி, தூக்கம், கதை, வீடு. வட்டத்தில் உட்காரும் நேரம் 10 முதல் 15 நிமிடம். அதைத் தாண்டினால் பின்வரிசை உதைக்கத் தொடங்கும், அது அவர்கள் தவறு அல்ல. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்து நிமிடம் முன்னால் ஒரு அறிவிப்பு, மாறும்போது ஒரே பாட்டு.

பிறகு ஒரு நோட்டில் ஒரு வாரம் எழுதுங்கள்: அடி, கடி, அழுகை நடந்த நேரம், இடம், யார், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. நான்கு வரி போதும். வாரக் கடைசியில் பார்த்தால் சம்பவங்கள் ஒன்றிரண்டு நேரங்களில் குவிந்திருக்கும். கைகழுவ வரிசையில் நிற்கும் நேரம் அதில் பெரும்பாலும் இருக்கும், கஞ்சிக்கு முந்தின அரை மணி நேரமும் இருக்கும். வரிசைதான் காரணம் என்றால் அதை உடைத்துவிடுங்கள். ஹெல்பர் ஆறு ஆறு பேராகக் குழாய்க்கு அழைத்துப் போகட்டும், மீதிப் பேர் உங்களோடு உட்கார்ந்து பாடட்டும். பசி காரணம் என்றால் நடுவில் ஒரு வாழைப்பழமோ கடலை உருண்டையைப் பொடித்தோ கொடுங்கள். நான்கு வயதுக்குக் கீழே முழுக் கடலை கொடுக்க வேண்டாம், மூச்சுக்குழலில் சிக்கும். ஒரு மாற்றம் செய்தபின் இன்னொரு வாரம் எழுதிப் பாருங்கள். எண்ணிக்கை இறங்கவில்லை என்றால் அடுத்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.